வேடியப்பனுக்கு யார் காவல்?

கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்கச் சென்று உயிர்விட்டவனின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கல்லில் காத்துவரும் மண் தருமபுரி மண். அந்தக் கல்லில் முதலில் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் வரும். அடுத்து, அவனுக்குக் கீழே அந்தப் பகுதியை ஆண்ட தலைவன். பிறகு ஊர்ப் பெயர்; யாருடைய தொறு கவரப்பட்டது, அதை மீட்கும்போது பட்டவன் யார், அவன் யாருடைய சேவகன் என்ற செய்தி. தொறு என்றால் மாட்டு மந்தை. அரண்மனைச் சாசனங்களில் ஒருநாளும் இடம்பெறாத மனிதர்களை ஊர் கூடிப் பதிந்துவைத்த ஏடு இது. நாட்டை ஆண்டவனும் மந்தை காத்தவனும் ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில் நிற்கிறார்கள்.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மண்டகப்பட்டில் மலையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்ம பல்லவனின் 34-வது ஆட்சியாண்டில் நட்டது. எருமை மந்தையைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கான கல் அது. அவனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்துவிட்டுத் தன் எசமானனுக்கு அருகிலேயே காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு சிற்றூர், தன் நாயின் பெயரையும் அதன் விசுவாசத்தையும் மறக்கக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறது. தமிழர் நாகரிகத்தின் உயரத்துக்குச் சான்று கேட்பவர்களுக்கு முதலில் காட்ட வேண்டிய கல் இதுதான் என்பேன்.

இத்தகைய கற்கள் செறிந்த நிலப்பகுதி செங்கத்திலிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி வரை விரிகிறது. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி அதன் இயக்குநராக இருந்த காலத்தில், இப்பகுதியில் ஊர் ஊராக நடந்து கற்களைத் தேடியது. இருளப்பட்டி போன்ற ஊர்களில் வட்டெழுத்து நடுகற்கள் படியெடுக்கப்பட்டன. ‘செங்கம் நடுகற்கள்’, ‘தருமபுரி கல்வெட்டுகள்’ என்ற நூல்கள் வெளிவந்தன. தமிழ் எழுத்தின் வளர்ச்சியை எழுத வேண்டுமானால் இந்தக் கற்களைத் தொடாமல் எழுத முடியாது என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது. அந்தத் தேடலின் தொடர்ச்சியாக உருவானதுதான் தருமபுரி நகரில் தொல்லியல் துறை நடத்தும் அகழ்வைப்பகம். காப்பாரற்றுக் கிடந்த நடுகற்கள் அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. கூடவே புதிய கற்காலக் கைக்கோடரிகள், பானை ஓடுகள், சிற்பங்கள்.

அது சின்ன இடம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். குளிரூட்டிய கூடமோ, கண்ணைப் பறிக்கும் விளக்குகளோ எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நுழைய வசதி வேண்டியதில்லை, படிப்பு வேண்டியதில்லை, யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. நகருக்கு ரேஷன் அட்டை வேலையாக வந்தவரும், மருத்துவமனையில் உறவினரைப் பார்க்க வந்தவரும் அரை மணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிட்டுப் போகலாம். இருந்தும், தருமபுரிக்கு அடிக்கடி வந்துபோகிறவர்களை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். அப்படி ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. ஒகேனக்கல் அருவிக்கு வழி கேட்டால் எல்லோரும் சொல்வார்கள்.

பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முதல் பார்வையில் எல்லாக் கல்லும் ஒன்று போலத்தான் தெரியும். அவசரப்படாமல் ஒரே கல்லின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். முற்காலத்துக் கல்லானால், பலகைபோல் தட்டையான கல்லில் மெல்லிய புடைப்பாக ஒரு வீரன் இருப்பான். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். கால்கள் ஓட்டத்தில் இருக்கும். உடம்பில் அம்பு தைத்திருக்கும். சில கற்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அம்புகள். அம்பு தைத்த பிறகும் முன்னோக்கியே போகிறவனாகத்தான் அவனைச் செதுக்கியிருக்கிறார்கள். காலடியில் ஒரு கிண்ணமோ சிமிழோ, சில கற்களில் சின்னதாக மாடுகள். காலம் செல்லச் செல்லக் கல் அடுக்கடுக்காகப் பிரிகிறது: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் இருபுறமும் வீரனை அழைத்துச் செல்வது, மேலே அவன் சென்றடைந்த உலகம். புலியோடு மோதி இறந்தவனின் கல், காட்டுப் பன்றியிடமிருந்து வயலைக் காக்கப் போய் மாண்டவனின் கல் என்று வகைகள் உண்டு. கணவனோடு தீப்புகுந்த பெண்களின் கற்களும் உண்டு. அவற்றின் முன்னால் நிற்கும்போது பெருமை வராது, வரவும் கூடாது. அந்த வலியையும் அறிந்துகொள்ளத்தான் அந்த இடம் இருக்கிறது.

எழுத்தைப் படிக்க ஒரு வழி சொல்கிறேன். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. கைப்பேசி விளக்கை நேராகக் காட்டாமல் கல்லின் பக்கவாட்டிலிருந்து, கல்லை ஒட்டினாற்போல் காட்டுங்கள். அதுவரை சொரசொரப்பாகத் தெரிந்த பரப்பில் நிழல் விழுந்து, வளைந்து வளைந்து வட்டெழுத்து எழும். சாக்பீஸ் தேய்த்தோ மாவு பூசியோ படிக்க முயல வேண்டாம். படியெடுக்கத் தெரிந்தவர்கள் கல்லைத் தண்ணீர்விட்டுக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, அதன் மேல் மை ஒற்றி எடுப்பார்கள். கல்லுக்கு ஒரு கீறலும் விழாது.

ஆண்டுதோறும் பிளஸ் டூ தேர்வு முடிவோடும் அரசின் புள்ளிவிவரங்களோடும் சேர்ந்தே வரும் ‘பின்தங்கிய மாவட்டம்’ என்ற அடைமொழி இங்குள்ள ஒவ்வொருவருக்கும் பழக்கம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி இடம் தருமபுரிக்கு. அதை மறுக்க வேண்டியதில்லை, மாற்ற வேண்டியது. ஆனால் அரூர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளை, தமிழின் பழைய எழுத்துச் சான்றுகளில் சில தன் ஊரின் ஆடு மேய்க்கும் கரட்டடியில் கிடைத்தவை என்று அறியாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிட்டால், அந்தக் குற்றத்தைப் புள்ளிவிவரத்தின் மேல் போட முடியாது. அது நம்முடையது.

இங்கே அடிக்கடி எழும் ஒரு பிணக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். இப்பகுதியில் நடுகல் வெறும் பழம்பொருள் இல்லை. அது வேடியப்பன். ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் காட்டோரத்திலும் வேடியப்பனாக வணங்கப்படும் கற்களில் பல, கூர்ந்து பார்த்தால், வில் பிடித்த நடுகல் வீரர்கள். வேடி, வேடியப்பன், வேடியம்மாள் என்று பெயர் வைத்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கின்றன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் ஓசூருக்கும் பிழைக்கப் போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கிடா வெட்டிப் பொங்கல் வைக்கத் திரும்பி வருவது அந்தக் கல்லின் முன்னால்தான். தொல்காப்பியம் நடுகல்லுக்கு வகுத்த படிநிலைகளில், கல்லைத் தேர்ந்து கொணர்ந்து நீராட்டி நட்ட பிறகு, படையலும் வாழ்த்தும் இருக்கின்றன. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பதைப் பற்றி ஔவை பாடியது புறநானூற்றில் இருக்கிறது. தகடூர் என்ற இந்தத் தருமபுரியின் தலைவனுக்குச் செய்ததைத்தான் வேடியப்பனுக்கு இன்றும் செய்கிறார்கள்.

ஆகவே, “கல்லை எடுத்துக்கொண்டு போய் நகரத்தில் வைக்கப் போகிறோம்” என்று அதிகாரிகள் வந்து நின்றால் ஊர் எதிர்க்கிறது. எதிர்ப்பதில் நியாயம் இருக்கிறது. சாமியை ஊர்விட்டு அனுப்ப யார்தான் ஒப்புவார்கள்? மறுபக்கம் ஆய்வாளர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். கோயிலைப் புதுப்பிக்கிறோம் என்று பக்தியோடு செய்யும் வேலையிலேயே கல் அழிகிறது. எனாமல் பெயின்ட் அடித்தால் எழுத்தின் பள்ளம் அடைபட்டுப் போகிறது. அந்தப் பெயின்டை அகற்ற இயந்திரம் வைத்துத் தேய்த்தாலோ மணலைப் பீய்ச்சினாலோ எழுத்தே போய்விடுகிறது. தரைக்கு டைல்ஸ் ஒட்டும்போது கல்லின் அடிப்பகுதி கான்கிரீட்டுக்குள் மூழ்குகிறது. புதிதாகச் சிலை செய்து வைத்துவிட்டுப் பழைய கல்லை வேலியோரம் சாய்ப்பதும் நடக்கிறது. சாமியே இல்லாத கற்களின் கதி இன்னும் மோசம். துணி துவைக்க, வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் போட, எல்லைக்கல்லாக ஊன்ற என்று அவை போய்ச்சேரும் இடங்கள் பல. சாலை அகலப்படுத்தும்போதும், வீட்டுமனை பிரிக்கும்போதும், கிரானைட் எடுக்கும்போதும் இயந்திரம் ஓட்டுபவருக்குக் கல் வெறும் கல்தான். யாரும் அவரிடம் வேறெதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரு தரப்பும் ஒப்பக்கூடிய ஒரு நடுவழி இருக்கிறது. வழிபாட்டில் இருக்கும் கல் ஊரிலேயே இருக்கட்டும். எண்ணெயும் மஞ்சளும் பூவும் ஊரின் உரிமை. பெயின்டும் இயந்திரமும் சிமென்ட்டும் வேண்டாம் என்பதை ஊரே முடிவாக எடுக்கட்டும். விளக்கைக் கல்லின் உடம்போடு ஒட்டி வைக்காமல் ஒரு முழம் தள்ளி வைத்தால் கரி படியாது. பூசாரிகளிடம் அமைதியாக எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். வழிபாடில்லாமல் ஆபத்தில் கிடக்கும் கல் அகழ்வைப்பகத்துக்குப் போகட்டும். ஆனால் அநாதையாகப் போகக் கூடாது. எந்த ஊரின் கல், அதில் என்ன எழுதியிருக்கிறது, யார் நினைவாக நட்டது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் பலகையாக வைக்க வேண்டும். கல்லைக் கொடுத்த ஊரில் அதன் பெரிய படமும் கல்வெட்டின் வாசகமும் பள்ளிச் சுவரிலோ நூலகத்திலோ இருக்க வேண்டும். கல்லைக் கொடுத்த ஊர் தன் பிள்ளைகளை வண்டி வைத்து அழைத்துவந்து “இது நம்ம ஊர்க் கல்” என்று காட்டும் நாளில்தான் அந்த அகழ்வைப்பகம் மக்களுடையதாகும்.

இதை வேறொருவர் செய்யட்டும் என்று விட்டுவிட அரசியலமைப்புச் சட்டமும் இடம் தரவில்லை. நினைவுச் சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது 49-வது பிரிவு. நம்முடைய பன்முகப் பண்பாட்டின் செல்வத்தை மதித்துப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது 1976-ல் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு. முன்னதைச் சொல்லி அரசைக் கேள்வி கேட்பவர்கள் பின்னதையும் படிக்க வேண்டும். பின்னதைச் சொல்லி மக்களுக்குப் பாடம் எடுக்கும் அதிகாரிகள் முன்னதை மறக்கக் கூடாது. மண்ணுக்கடியில் மறைந்திருந்து வெளிப்படும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற புதையல் சட்டம் 1878-லிருந்தே நடைமுறையில் இருக்கிறது. பண்ணையில் குழி வெட்டும்போது கல் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் போதும். அவர் வட்டாட்சியருக்குச் சொல்வார். சொன்னால் நிலம் போய்விடும் என்ற பயம் விவசாயிகளிடம் இருக்கிறது. இந்தப் பயத்தைப் போக்குவது வருவாய்த் துறையின் வேலை. கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, தகவல் சொன்னவரைப் பாராட்டி ஒரு சான்றிதழ் கொடுத்தால் அடுத்த ஊர்க்காரர் தானாக வந்து சொல்வார்.

நம் ஆட்கள் வேலைக்குப் போகும் பெங்களூரிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஹெப்பாள் பகுதியில் 2018-ல் கழிவுநீர்க் கால்வாய் வேலையின்போது ஒரு நடுகல் வெளிப்பட்டது. கங்க அரசன் ஸ்ரீபுருஷன் காலத்தது. ஏறக்குறைய பொது ஆண்டு 750. ஊரைத் தாக்க வந்தவர்களோடு போரிட்டு மாண்ட கிட்டய்யா என்பவனின் கல். கல்வெட்டுகளில் ஆர்வமுள்ள நகரவாசிகளும் அப்பகுதி மக்களும் சேர்ந்து அதைக் காத்தார்கள். அதற்கென ஒரு மண்டபமும் எழுந்தது. அடுத்து, பெங்களூரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்யும் வேலையை மிதிக் சொசைட்டி என்ற பழைமையான அமைப்பு எடுத்துக்கொண்டது. கல் உடைந்தாலும் எழுத்து பிழைக்கும். அங்கே தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்யும் தருமபுரிப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பண்டிகைக்கு ஊர் வரும்போது தங்கள் வேடியப்பனை நான்கு பக்கமும் தெளிவாகப் படமெடுத்து, இடத்தையும் குறித்துத் தொல்லியல் துறைக்கும் ஊராட்சிக்கும் கொடுக்கலாம். அதற்கு எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்ற அமைப்பு இருக்கிறது. பெயரளவில் இருக்கும் பள்ளிகளிலும் ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் அது உயிர்பெறும். ஒகேனக்கலுக்குச் சுற்றுலா போகும் பேருந்து போகும் வழியில் ஒரு மணி நேரம் அகழ்வைப்பகத்தில் நிற்கட்டும். இன்னும் அரை நாள் இருந்தால் தருமபுரிக் கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சன்னிதியின் அடித்தளத்தில் ஓடும் ராமாயணச் சிறு சிற்பங்களையும், அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் ஓவியங்களையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டமாக நிறுத்தி வரலாறு ஒப்பிக்க வேண்டாம். ஆளுக்கொரு கல்லைக் கொடுத்து, அதைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். வரையும் கைதான் வீரனின் இடுப்பில் இருக்கும் கத்தியையும் அவன் கொண்டையின் முடிச்சையும் கண்டுபிடிக்கும். ஓவிய ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய பாடம் இதைவிட வேறு கிடைக்காது.

தொல்லியல் துறையிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. மே 18 உலக அருங்காட்சியக நாளில் மட்டும் கூட்டம் சேர்த்தால் போதாது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நாளிலும் நேரத்திலும் கதவு திறந்திருக்க வேண்டும். திறந்த வெளியில் நிற்கும் கற்களுக்கு மேலே கூரை, கீழே தண்ணீர் தேங்காத தரை, சக்கர நாற்காலி போக வழி, பெண்களுக்குக் கழிவறை, குடிக்கத் தண்ணீர். மாதம் ஒரு ஞாயிறு வட்டெழுத்து வகுப்பு நடத்தலாம். இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே இளையவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். நகரத்து வணிகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. திருமண மண்டபங்களின் வரவேற்புப் பலகைகளிலும் விடுதிகளின் சுவர்களிலும் அருவிப் படம் மாட்டும் இடத்தில், நம் நடுகல் ஒன்றின் படத்தையும் அகழ்வைப்பகத்துக்குப் போகும் வழியையும் சேர்த்து மாட்டலாமே.

பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை ஒப்பந்தங்களில் ஒரு வரி சேர்ப்பது மாவட்ட நிர்வாகத்தால் முடியாததல்ல: உருவமோ எழுத்தோ உள்ள கல் கண்ணில் பட்டால் வேலையை அந்த இடத்தில் நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும். அதோடு அப்படிப்பட்ட கற்களின் படங்களை அச்சிட்ட தாள் ஒன்றை இயந்திரம் ஓட்டுபவரின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முதல் படி, ஊர்தோறும் ஒரு பட்டியல். எத்தனை கற்கள், எங்கே, யாருடைய நிலத்தில், வழிபாட்டில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நோட்டில் எழுத இரண்டு இளைஞர்களும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் போதும். கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அவற்றில் அக்டோபர் 2 கூட்டம் தருமபுரிக்குக் கூடுதல் பொருத்தம் உடையது. சேலத்திலிருந்து பிரிந்து இந்த மாவட்டம் உருவானது 1965-ல் அதே நாளில்தான். வரும் அக்டோபர் 2 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் அந்தப் பட்டியல் உரக்க வாசிக்கப்பட்டு, பெயின்ட் அடிக்க மாட்டோம், தகவல் சொல்லாமல் நகர்த்த மாட்டோம் என்ற தீர்மானத்தோடு பதிவேட்டில் ஏறட்டும். அதன் நகல் ஒன்று மாவட்ட ஆட்சியருக்கும், ஒன்று அகழ்வைப்பகத்துக்கும் போகட்டும்.